சண்முகக்கனியின் சர்க்கரை

ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. முதல் ஆறு கட்டங்களை வினோதினி மளமளவென்று நிரப்பியிருந்தாள். பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்தேழு, பிறந்த ஊர் கோவில்பட்டி, இப்போது இருப்பது டொரன்டோவுக்குப் பக்கத்தில், சேர்ந்திருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளி இன்னது, எல்லாம் படித்த கேள்வியே பரீட்சையில் வந்துவிட்ட பிள்ளையின் வேகத்தில். ஏழாவது ஒரே வரிதான். இதற்கு முன் வேறு பெயரில் அறியப்பட்டதுண்டா? கல்யாணமாகிப் பெயர் மாறியவர்களுக்காகக் கேட்டிருப்பார்கள், விவாகரத்தானவர்களுக்காகக் கேட்டிருப்பார்கள், கோவில்பட்டிக்காரி ஒருத்தியை நினைத்து யாரும் அதை அச்சடித்திருக்கப்போவதில்லை, ஆனாலும் அவளுக்கு என்னவோ தன் முகத்தைப் பார்த்துக் கேட்ட மாதிரித்தான் இருந்தது. பேனாவை மணிச்சங்கிலி போட்டு மேஜையோடு கட்டியிருந்தார்கள். உலகம் பூராவும் பேனாத் திருடர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்பதில் ஒரு சின்ன ஆறுதல். மணி ஒன்பது நாற்பது, டாக்டர் கூப்பிடுவது பத்து மணிக்கு. கீழே சலவைக் கடை, அங்கிருந்து ஆவியும் இஸ்திரி வாசனையும் மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தன. சுவரில் மஞ்சள் நிறச் சின்ன விமானம் ஒன்றின் படம், அந்தப் படத்தில் விமானத்துக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். விமானிகளுக்கு உடல்தகுதிச் சான்று கொடுக்கும் அதிகாரம் பெற்ற டாக்டர் அவர்தான். மடியில் கனத்த நீலக் கோப்பு. பதினாலு வருஷத்து ரத்தப் பரிசோதனைத் தாள்கள். ஊரில் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கு விமானம் ஓட்டும் எண்ணமே ஆகாது என்று கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் அவள் கடல் தாண்டி வந்தாள். இங்கே விடுகிறார்கள், ஆனால் சும்மா விடுவதில்லை. இத்தனை வருஷம் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, மயங்கி விழவில்லை என்று பழைய தாள்களை எல்லாம் காட்ட வேண்டும். எல்லாம் இருந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை, தேதிவாரியாக அடுக்கியிருந்தாள். ஒரே ஒரு சங்கடம், ஒவ்வொரு தாளின் தலையிலும் சண்முகக்கனி, பெண் என்று போட்டிருந்தது. சண்முகக்கனி அவளுடைய பெரியப்பா மகள்.

பதிமூன்று வயதில் அது ஆரம்பித்தது. இரண்டு வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, குடித்ததற்கெல்லாம் கொல்லைக்கு ஓடி, எலும்பும் தோலுமாகி, ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றும்போது அவள் மண்ணில் சரிந்தாள். உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு மதுரைக்கு ஓடுங்கள் என்றார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் சக்கர நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்தாள், வாயெல்லாம் அழுகின பழத்தின் வாசம், அது தன் வாய்தான் என்றே தெரியவில்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார், “பேஷண்ட் பேரு?” அம்மா உடனே சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அதைப் பதினாலு வருஷமாக வினோதினி அளந்துகொண்டிருக்கிறாள், சில நாள் அது ஒரு விநாடி, சில நாள் ஒரு மணி நேரம். அப்புறம் அம்மா சொன்னாள், “சண்முகக்கனி.” பின்னால் தூக்குவாளியோடு நின்ற கனி அக்கா, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, “என்ன சித்தி?” என்று முன்னால் வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது, பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “என்ன தங்கபுஷ்பம், கிறுக்குப் புடிச்சிருக்கா?” “பொட்டப்பிள்ள. நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்க வேண்டாமா? சுகர்னு எங்கயாச்சும் பதிவாகிப் போச்சுன்னா எவன் வருவான்?” “அப்ப கனிக்கு?” “அவளுக்குன்னு வரும்போது பாத்துக்கிடலாம்.” அம்மாவைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது, முடிந்தால் எல்லாம் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில்தான் பாவாடை, கறி வைத்தால் இரண்டு பேருக்கும் சரிக்குச் சரிதான், கனிக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் தரையில் படுத்தவள் அவள்தான். ஒரு பெயரைத்தான் எடுத்தாள். எடுக்கும்போது அது ஒரு சாமான் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்காது, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய் வாங்குகிற மாதிரி. சக்கர நாற்காலியில் இருந்தவளுக்கு அது காதில் விழுந்தது. அவள் வாயைத் திறந்திருக்கலாம். மயக்கம் என்று இத்தனை வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், மயக்கத்தில் இருந்தவளுக்குத் தூக்குவாளியின் மூடிச் சத்தம்கூட எப்படி ஞாபகமிருக்கிறதாம்.

கையில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கிற பொட்டு மாதிரியான கருவி சிணுங்கியது, செல்லில் எண் நூற்று நாற்பது, பயத்தில் ஏறியிருக்கிறது, இறங்கும்போது மடமடவென்று இறங்கும், அது அதன் சுபாவம். மதுரை டாக்டர் சொல்வார், “கனி, ஒனக்குக் கோவம் வந்தா சுகர் ஏறும், பயம் வந்தாலும் ஏறும், அதனால ரெண்டும் வராமப் பாத்துக்க.” கனி என்றுதான் அவர் கூப்பிடுவார். பதினாலு வருஷம் அந்த அறையில் அவள் கனியாக இருந்தாள். முதலில் கூப்பிட்டால் திரும்ப ஒரு கணம் பிந்தும், அப்புறம் பிந்தவில்லை, காலேஜ் படிக்கும்போது பஸ்ஸில் யாரோ யாரையோ கனி என்று கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தாள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி நன்றாக வந்தால் டாக்டர் தாளைத் தூக்கிக் காட்டுவார், இந்தப் பிள்ளையைப் பாருங்கள், இதுதான் ஒழுக்கம் என்று மற்ற நோயாளிகளிடம் சொல்வார், அவளுக்குப் பெருமையாக இருக்கும், பெருமையில் முகம் சூடாகும், அப்புறம் அந்தச் சூடு வேறு சூடாக மாறும். ஆஸ்பத்திரி மாடியிலிருந்து சாயங்கால விமானம் இறங்குவது தெரியும். கூட வந்த கனி அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, “ஏட்டி, நீ இதை ஓட்டு, நான் சன்னல் ஓரத்துல உக்காந்து வாரேன்” என்பாள். ஓட்டுவது என்பது அவள் சொல்லித்தான் இவள் தலைக்குள் நுழைந்தது. அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள், கணக்குப் பார்த்தால் தன்னுடையது என்று இருப்பது நோய் ஒன்றுதான், அதையும் அக்கா தலையில் எழுதியாயிற்று. வேறு பெயரில் அறியப்பட்டதுண்டா. உண்டு. இல்லை. உண்டு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், பொய். சோறு நிறைய இருந்தால் முடியும், பரிமாறுகிற கை அம்மாவின் கையாக இருந்தால் முடியும். இன்சுலின் ஃபிரிட்ஜில் வெண்ணெய் டப்பாவுக்குள் இருந்தது, காலியான ஊசிகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில். மாதா மாதம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மருந்துக் கடைக்குச் சீட்டோடு போனது கனி அக்காதான், சீட்டில் இருப்பது அவள் பெயர்தானே, சுகர் அவளுக்கு என்றுதான் ஊரும் நம்பியது. சர்க்கரை தாழ்ந்தால் கொடுப்பதற்காகக் கனியின் பள்ளிக்கூடப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும், வினோதினியின் பையில் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்டுவிடக் கூடாது. சுகர்க்காரி கடலை மிட்டாய் தின்கிறாள் பார், வாயைக் கட்டத் தெரியாதவள் என்று கனியைத்தான் சொன்னார்கள். ஊர்க் கல்யாணங்களை நினைக்கும்போதுதான் அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றும். பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். பாயாச வாளி வரும். அப்பளம் நொறுக்கி, பூந்தி போட்டு, பாயாசம் ஊற்றிப் பிசைந்து அடிப்பதுதான் அந்தப் பக்கத்துப் பந்திக்கே உயிர், அதற்காகவே மொய் எழுதுகிறவர்கள் உண்டு. வாளிக்காரர் கனியின் இலைக்கு நேரே கரண்டியைக் கொண்டுவருவார், எதிர் வரிசையிலிருந்து யாராவது ஒரு சித்தியோ மதினியோ கையை ஆட்டுவாள், “அதுக்கு வேண்டாம், அதுக்குச் சுகரு, இந்தப் பிள்ளைக்கு ஊத்துங்க.” கரண்டி ஒரு இலை தள்ளி வரும். வினோதினி சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் சந்தேகம் வரும். நெய்யும் வெல்லமும் தொண்டையில் இறங்க இறங்கப் பக்கத்தில் அக்கா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பாள், கையைக் கழுவிவிட்டு இவள் கல்யாண மண்டபத்துக் கக்கூஸுக்குள் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள், வாசலில் காவல் நிற்பதும் அக்காதான். எத்தனை கல்யாணம். பதினாலு வருஷத்தில் குறைந்தது நாற்பது. பால் பாயாசம் என்றால் கனிக்கு உயிர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வீட்டில் வைக்கும்போது அம்மா அவளுக்குக் கூட இரண்டு கரண்டி ஊற்றுவாள். அதுதான் அம்மா கொடுத்த வட்டி போலிருக்கிறது.

சாத்தூர் மாப்பிள்ளை வந்தபோது கனிக்கு இருபத்து மூன்று. பெண் பார்த்துப் பிடித்துப்போய், தட்டு மாற்ற நாள் குறித்து, நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவில்பட்டிக்கு வந்தார். பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், இவர் விவரமானவர், தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் மருந்துக் கடையில் கேட்டுவிட்டார். கடைக்காரரும் பாவம், நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், “சண்முகக்கனியா? தங்கமான பிள்ள. மாசாமாசம் தவறாம அதுவே வந்து இன்சுலின் வாங்கிட்டுப் போகும்.” பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாள் தரகர் வந்து முன் ஹாலில் உட்கார்ந்தார். லீவுக்கு வந்திருந்த வினோதினி ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வெண்ணெய் டப்பாவுக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு கதவுதான். “மறைச்சிட்டீகளேன்னு ரொம்ப வருத்தப்படுதாவ” என்றார் தரகர். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா இவளைப் பார்த்தாள், ஒரே பார்வை, அதட்டல்கூட இல்லை, கெஞ்சல். ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. சுகர் எனக்குத்தான். இரண்டு வார்த்தை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அவள் சொல்லவில்லை. கனி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து தரகரிடம் நீட்டினாள், “சீனி போட்டிருக்கு, நீங்க குடிக்கலாம்லா?” என்று கேட்டாள், அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை இவளுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் துணி மடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “விடு வினோ, அவன் மூக்கு ஒரு மாதிரி சப்பையா இருந்துச்சு, பிள்ளைக எல்லாம் அதே மூக்கோட பெறந்தா நீதான தூக்கிட்டு அலையணும்” என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குக் கனிக்காக ஒருத்தரும் வரவில்லை. வினோதினிக்கு வந்தார்கள், வரிசையாக. ஒருத்தனையும் அவள் கட்டிக்கொள்ளவில்லை. கட்டாமல் இருந்தது ஒரு பரிகாரம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தாள், அப்புறம் அது பரிகாரமில்லை, எடுத்த பொருளை அனுபவிக்காமல் பூட்டி வைத்திருப்பது, அவ்வளவுதான் என்று புரிந்தது. எடுத்தது எடுத்ததுதான்.

கோப்பின் கடைசி உறையில் ஒரு முத்திரைத்தாள் இருந்தது. நேற்று முன்தினம் கூரியரில் வந்தது. வினோதினி என்கிற சண்முகக்கனி, சண்முகக்கனி என்கிற வினோதினி, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முத்திரை குத்தி, சிவப்பு வில்லை ஒட்டி, கையெழுத்தோடு. ஊரில் சர்ட்டிஃபிகேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று இருக்கிறவர்கள் எழுதி வாங்குகிற தாள்தான், நாளைக்கு நூறு பேர் வாங்குகிறார்கள், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. “வெள்ளக்காரனுக்கு என்னட்டி தெரியும்” என்று அம்மா போனில் சொன்னாள். “எங்க ஊர்ல ஆளுக்கு ரெண்டு பேரு இருக்கும், ஒண்ணு வீட்டுப் பேரு, ஒண்ணு பள்ளிக்கூடத்துப் பேருன்னு சொல்லு. பொய்யா? இல்லையே.” அப்புறம் போனைக் கனி வாங்கினாள். கோர்ட்டுக்கு எதிரே பத்திர எழுத்தர் கடையில் டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. “வினோ, நான்தான் அடிச்சேன். ஸ்பெல்லிங் பாத்துக்க, உன் பாஸ்போர்ட்டுல இருக்க மாதிரியே போட்டிருக்கேன்.” “அக்கா, ஒனக்கு ஒண்ணும் தோணலையா?” “என்ன தோணணும்? எம் பேரத்தான கேக்க. வச்சுக்க. அத வச்சு நான் என்னத்தக் கண்டேன்.” சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், அதுதான் தாங்க முடியாதது. கோபப்பட்டிருந்தால் இவள் அழுதிருப்பாள், அழுதிருந்தால் தீர்ந்திருக்கும். இருவரும் ஒருவரே. விரல்களை விசைப்பலகையில் வைத்துத் தன்னைத் தானே இல்லாமல் ஆக்கி, எழுத்துப் பிழை பார்த்து, உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாள். கூடவே இரண்டு பாக்கெட் கடலை மிட்டாய். வினோதினி பேனாவை எடுத்தாள். சான்று கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்தில் வகுப்பறையோடு சரி, விமானத்தில் தனியாக ஏற விடமாட்டார்கள், இந்த மாதக் கடைசிக்குள் சான்று வராவிட்டால் இடமும் போய்விடும். திரும்பி ஊருக்கு. அந்த ஃபிரிட்ஜுக்கு. ஏழாவது கட்டத்தில் சண்முகக்கனி என்று எழுதினாள். கை தானாகவே எழுதியது, பழக்கம்.

“பிள்ளை, ஃபோம் நிரப்பியாச்சோ?” தலையை நிமிர்த்தினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஐம்பது வயது அம்மாள், சட்டையில் சிவகௌரி என்று பெயர் வில்லை, யாழ்ப்பாணத்துக்காரி. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று அம்மா சொன்னது சரி, ஆனால் வெள்ளைக்காரன் இங்கே ஒரு தமிழச்சியை உட்காரவைத்திருப்பான் என்று அம்மாவுக்குத் தெரியாது. சிவகௌரி கோப்பைப் புரட்டினார், ஒரு விரலை எச்சில் தொட்டு, நிதானமாக. “கோவில்பட்டியோ. கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊர். இதென்ன, எல்லாத்திலயும் சண்முகக்கனி எண்டு கிடக்கு?” “அது... என் வீட்டுப் பேரு.” சொல்லியாயிற்று. முத்திரைத்தாளையும் எடுத்து நீட்டினாள். சிவகௌரி வாசித்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். “சண்முகக்கனி. என்ன வடிவான பேர். அதை ஏன் பிள்ளை வேண்டாமெண்டு விட்டனீர்?” அவள் பேனாவை அதன் சங்கிலியோடு மேஜையில் வைத்தாள். “இரும், டொக்டர் கூப்பிடுவார்” என்று அவர் கோப்போடு உள்ளே போனார். ஏன் வேண்டாமென்று விட்டாய். யார் விட்டது. விடவில்லையே, இறுக்கிப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன், அவள் அல்லவா விட்டாள், விட்டாளா, விடவைத்தோமா. எழுந்துபோய்க் கோப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. எழுந்திருக்காமல் செல்லைப் பார்த்தாள். எண் நூற்றுப் பத்து, அம்புக்குறி கீழ்நோக்கி. கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஒன்றும் ஆகாது, இதுவரை என்ன ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை, அதாவது எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் படத்தில் இருந்ததைவிட ஒல்லியாக, காது மடலில் மயிரோடு, தாத்தாத்தனமாக இருந்தார். கண் பார்த்தார், காது பார்த்தார், முழங்காலைச் சுத்தியால் தட்டினார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார். பேசிய இங்கிலீஷ் மெதுவாகவும் தெளிவாகவும் இருந்தது. கோப்பைத் திறந்து ஒவ்வொரு வருஷமாகப் புரட்டி, “பதினாலு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒன்று, ஒன்றுகூட விடுபடவில்லை” என்றார். “முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன், இவ்வளவு பொறுப்பான பெண்ணைப் பார்த்ததில்லை. இவளோடு நான் பயமில்லாமல் பறப்பேன்.” இவளோடு என்றபோது அவர் விரல் அந்தப் பெயரின் மேல் இருந்தது. வினோதினி தலையாட்டினாள், நன்றி சொன்னாள், சொன்ன நன்றி வாயில் கசந்தது. இன்னும் ஒரே பக்கம்தான், அதற்கப்புறம் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்றார் அவர். சர்க்கரை தாழ்ந்து நீங்கள் தடுமாறியதுண்டா? சின்ன வயதில், சில தடவை. தாழ்வது உங்களுக்கே முன்கூட்டித் தெரியுமா? தெரியும், உதடு மரத்துப்போகும். அப்போதெல்லாம் கூட இருந்து கவனித்தவர் யார், அவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், இத்தனை வருஷம் பார்த்தவர், உங்களை நன்றாக அறிந்தவர். என் அக்கா, என்றாள். யோசிக்கவே இல்லை, யோசிக்க அதில் என்ன இருக்கிறது, வேறு யார். நல்லது, என்று அவர் பேனாவைத் தாளில் வைத்தார், அக்காவின் பெயர்? வினோதினி வாயைத் திறந்தாள். ஏதாவது ஒரு பெயர். ஊரில் பெயருக்கா பஞ்சம், முத்து, ராணி, செல்வி, எதையாவது சொல்லித் தொலைத்தால் ஐந்து நிமிஷத்தில் வெளியே போய்விடலாம். கொடிக்கம்பத்தின் கீழே மண், தூக்குவாளியின் மூடி, என்ன சித்தி என்று முன்னால் வந்த பதினைந்து வயது முகம். மடியில் தலையைத் தூக்கி வைத்து, பல்லிடுக்கில் விரலை விட்டு, கடலை மிட்டாயை நுணுக்கி நுணுக்கி ஊட்டியவளுக்கு இன்னொரு பெயர் வைக்க நாக்கு வரவில்லை. நாற்பது கல்யாணத்தில் வாய் பேசாதவள், அவளுக்கே ஆச்சரியமாக, சொன்னாள். “சண்முகக்கனி.”

டாக்டர் எழுதத் தொடங்கி, முதல் இரண்டு எழுத்தில் நிறுத்தினார். கோப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவசரப்படவே இல்லை. அப்புறம் அவளே சொன்னாள், கம்பிக்குப் பின்னால் கேட்ட ஆளிலிருந்து ஆரம்பித்து, ஒழுங்கில்லாமல், நடுவில் பாயாசத்தைப் பற்றிச் சொல்லி, அது என்னவென்று விளக்கத் தெரியாமல் விட்டு, சாத்தூரைச் சொல்லி, காபியைச் சொல்லி. ரத்தம் என்னுடையது, பெயர் அவளுடையது. அவளுக்கு ஒரு நோயும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. அவர் முத்திரைத்தாளை இரண்டு விரலால் தூக்கினார். அப்படியானால் இது? பொய். எழுதியது யார்? அவள்தான் டைப் அடித்தாள். கிழவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், கொஞ்ச நேரம் மஞ்சள் விமானத்தின் சின்னப் பொம்மை ஒன்றைத் திருப்பித் திருப்பி வைத்தார். “நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, நானும் போடவில்லை” என்றார் கடைசியில். “இந்தப் படிவம் கெட்டுப்போய்விட்டது, வேறு தருகிறேன். ஆனால் இந்தக் கோப்பை உங்களுடையது என்று என்னால் எழுத முடியாது. இன்றைக்கு ஆரம்பியுங்கள். ஒரு வருஷத்துக்கு உங்கள் பெயரில், இந்த ஊர்ப் பரிசோதனைச் சாலையில். அப்போதும் மேலிடம் கொடுக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.” பள்ளி அதுவரை இடம் வைத்திருக்காது, என்றாள். “வைத்திருக்காதுதான்” என்றார் அவர். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சிவகௌரி ரத்தம் எடுக்க வந்தார். உள்ளே பேசியது வெளியே கேட்டதோ என்னவோ, அவர் காட்டிக்கொள்ளவில்லை, கையைத் தடவி நரம்பைத் தேடிப்பிடித்து, “கண்ணை மூடும் பிள்ளை” என்றார். மூடவில்லை, அவள் ஊசிக்குக் கண்ணை மூடிப் பல வருஷம் ஆயிற்று. குழாய் நிறைந்தது. “என்ன பேர் போட?” வினோதினி சொன்னாள். இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது, சிவகௌரி அதைக் குழாயில் சுற்றி ஒட்டித் தூக்கிக் காட்டினார், “இப்ப சரியோ?” பதினாலு வருஷத்தில் எத்தனை குழாய் ரத்தம், ஒன்றில்கூட இந்தப் பெயர் இருந்ததில்லை. வினோதினி, பெண், இருபத்தேழு. நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் உண்மையைச் சொல்ல என்ன பெரிய தைரியம் வேண்டும், அவருக்குச் சாத்தூர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இவளுக்கு ஒரு வருஷத்தில் எண்கள் திரும்பக் கிடைத்துவிடும். கனிக்கு எந்தப் பரிசோதனைச் சாலையில் போய் எதை வாங்குவது. கோவில்பட்டியில் கனி இன்றைக்கும் சுகர்க்காரிதான், நாளைக்கும் பந்தியில் கரண்டி ஒரு இலை தள்ளித்தான் போகும். “அக்கா, அதைக் கொஞ்சம் பிடிங்க” என்று செல்லை எடுத்துக் குழாயைப் படம் பிடித்தாள். சிவகௌரி பெயர் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எண்பத்தாறு பேர். சித்திகள், மதினிகள், பந்தியில் கையை ஆட்டியவர்கள், தரகர்கூட இருந்தார், கல்யாணப் பத்திரிகைகளும் காலை வணக்கமும் மட்டுமே வருகிற இடம். ஊரில் இப்போது சீரியல் நேரம், எல்லார் கையிலும் செல் இருக்கும். உதடு மரத்துப்போயிருந்தது. எண் எழுபது. ஒரு கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து டைப் அடித்தாள், மூன்று தடவை அழித்து, கடைசியில் அழகுபடுத்தாமல். ‘சுகர் எனக்குத்தான். பதிமூணு வயசுல இருந்து. கனி அக்காவுக்குக் கிடையாது, எப்பவும் இருந்ததில்ல. சாத்தூர்ல இருந்து வந்தப்போ நான் வாயத் தொறக்கல. தப்பு என்னோடது.’ படத்தையும் சேர்த்து அனுப்பினாள். அம்மாவைப் பற்றி எழுதவில்லை, எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் புரியும், அம்மாவால் இனிமேல் அந்த ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் நிமிர்ந்து போக முடியாது, அந்தப் பாவமும் இனி இவளுடையது. செல் அடித்தது, அம்மா. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அம்மா. நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள், ஐம்பத்தெட்டு, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எண்பத்தாறு பேர் கூடியிருக்கிற ஒரு ஹாலில் யாருமே பேசாத மாதிரி. அப்புறம் மேலே ‘கனி அக்கா டைப்பிங்’ என்று வந்தது, நின்றது, திரும்ப வந்தது. எவ்வளவு வேகமாக டைப் அடிக்கிறவள், இன்றைக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறாள். திட்டுவாள். திட்டட்டும். எல்லார் முன்னாலும் திட்டட்டும். வினோதினி மிட்டாயைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். செய்தி வந்தது.

‘அப்போ அடுத்த மாசம் மாரிக்கனி மதினி வீட்டுக் கல்யாணத்துல எனக்கும் பாயாசம் ஊத்தச் சொல்லுங்க.’

அதன் கீழேயே இன்னொன்று.

‘ரெண்டு கரண்டி.’